குளிசைக்கு எட்டாத மண்

வெலிமடைத் தேயிலைத் தோட்டங்களில் வயிற்று நோய்களைத் தனித்தனியாகப் பார்த்தே பழகிவிட்டோம். பிள்ளைக்குப் பூச்சி என்றால் குளிசை, வயிற்றோட்டம் என்றால் ஜீவனி என்னும் உப்புக் கரைசல் தூள், மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி. ஆனால் உருண்டைப் புழுவின் முட்டையும், வயிற்றோட்டக் கிருமிகளும், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரசும் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் வருகின்றன. ஒருவருடைய மலம் மண்ணிலோ தண்ணீரிலோ கலக்கிறது. கையோடும் சோற்றோடும் இன்னொருவர் வாய்க்குப் போகிறது. நோயாளியைக் குணமாக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தப் பாதையை அடைக்காதவரை அந்த வைத்தியத்துக்கு முடிவே இராது.

தோட்டங்களின் வரலாறே இதற்குச் சாட்சி. 1916இல் ரொக்பெல்லர் நிதியத்தின் சுகாதாரப் பிரிவு மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கியது. இந்தப் புழுவும் மலம் கலந்த மண்ணிலிருந்தே வருகிறது. ஆனால் வாய்வழியாக அல்ல, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் தங்கி இரத்தம் உறிஞ்சும். சோகை பிடித்தவர் மலையேறவே மூச்சு வாங்குவார். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் மருந்து குடித்தவர் மறுநாளும் அதே மண்ணில்தான் வெறுங்காலோடு நடந்தார். மருந்துக்கு இணங்கிய நிர்வாகங்கள் மலசலகூடம் கட்டும் செலவுக்கு அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. புழு திரும்பி வந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 2017இல் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடம் எடுத்த தேசிய ஆய்வில், நாடு முழுவதும் மண்வழிப் புழுத் தொற்று 100 பேரில் ஒருவருக்கும் குறைவாக இருந்தது. தோட்டப் பகுதியில் அது 100 பேரில் சுமார் 9 பேருக்கு இருந்தது.

அப்படியானால் குளிசை வீணா என்று கேட்கலாம். வீணே இல்லை. தொற்று இந்த அளவுக்குக் குறைந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. பாடசாலையிலும் கிளினிக்கிலும் கொடுக்கும்போது தவறாமல் எடுக்க வேண்டும். ஆனால் அது கொல்வது குடலில் இருக்கும் புழுவை மட்டுமே. ஒரு பெண் உருண்டைப் புழு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டைகள் வரை இடும். ஈர மண்ணில் அவை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அந்த மண்ணை எந்தக் குளிசையும் சுத்தம் செய்வதில்லை.

சனங்களின் பழக்கம்தான் குற்றம், வீடு கட்டிக் கொடுத்தாலும் திருந்தமாட்டார்கள் என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. கை கழுவும் பழக்கம் முக்கியம்தான். நகத்தை ஒட்ட வெட்டுவதும், மரக்கறித் தோட்டத்திலிருந்து வந்ததும் கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும், பச்சையாகத் தின்னும் கரட்டை நன்றாகக் கழுவுவதும் நம் கையில் உள்ளவை. ஆனால் ஒரு லயம் முழுவதற்கும் ஒரே பீலி, அதிலும் வறட்சியில் தண்ணீர் வராது என்றால், கை கழுவச் சொல்வது வெறும் புத்திமதி. பழக்கம் வேரூன்றத் தண்ணீர் வேண்டும்.

பாதை அடைபடும் நாள்வரை நோயை நேரத்தோடு இனங்காண்பதே உயிர் காக்கும். வயிற்றோட்டத்தில் ஆபத்து, உடம்பில் நீர் வற்றுவதுதான். ஒரு பைக்கட் ஜீவனியைக் கொதித்தாறிய ஒரு லீட்டர் தண்ணீரில் கரைத்து அடிக்கடி கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்தால், சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை சோர்ந்து கிடந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உருண்டைப் புழு சில நேரம் பித்தக் குழாய்க்குள் ஏறிவிடும். வலது விலாவின் கீழ் கடும் வலியும் காமாலையும்கூட வரலாம்.

காமாலையில் கீழாநெல்லிக்கு மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குணமாகும். பேர் மூலிகைக்குப் போய்விடுகிறது. ஆனால் எல்லாக் காமாலையும் ஹெபடைடிஸ் ஏ அல்ல. எலிக்காய்ச்சலிலும், பித்தக் கல்லிலும், கசிப்பால் கெட்ட ஈரலிலும் கண் மஞ்சளாகும். சிறுநீர் கறுத்துக் கண் மஞ்சளானால் இரத்தப் பரிசோதனை செய்யாமல் நாட்களைக் கடத்தக் கூடாது. புத்தி தடுமாறினாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ, கர்ப்பிணிக்குக் காமாலை கண்டாலோ அது அவசர நிலை. மது அறவே கூடாது. வைத்தியரைக் கேட்காமல் பரசிட்டமோல்கூட வேண்டாம்.

நீரும் மலசலகூடமும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நெடுங்காலம் தெளிவான பதில் இல்லை. தோட்டத்துக்குள் செலவு செய்யப் பிரதேச சபைகளுக்குச் சட்டம் தடையாக இருந்தது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி அந்தத் தடையை நீக்கிவிட்டார்கள். ஆகவே தோட்ட நிர்வாகத்திடம் மட்டுமின்றி, வாக்குக் கேட்டு லயத்துக்கு வரும் பிரதேச சபை உறுப்பினரிடமும் குழாய்த் தண்ணீரையும் வீட்டுக்கொரு மலசலகூடத்தையும் உரிமையாகக் கேட்கலாம். அந்தக் கோரிக்கையும் வைத்தியத்தில் அடங்கியதுதான்.