கரிசல் மண்ணில் போக்கர்... தெரியுமா?

கோவில்பட்டிக்கும் போக்கருக்கும் என்ன சம்பந்தம்? மண்தான் சம்பந்தம்!

உலகமே ஆடும் 'டெக்சாஸ் ஹோல்டம்' போக்கர் சீட்டாட்டம் பிறந்த ஊர் ராப்ஸ்டவுன் என்று 2007-ல் டெக்சாஸ் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. அந்த ஊரைச் சுற்றி என்ன மண் தெரியுமா? கறுத்த களிமண்! காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் காலைக் கவ்வும். விளைவது? பருத்தி! 1901-லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் கண்ட நம்ம கரிசல் பூமிக்கு அது தூரத்துச் சொந்தம்தானே!

வேப்பமரத்தடியில் சீட்டுப் போடும் பெரியவர்கள் 'கிளாவர்', 'ஆட்டின்' என்பார்களே, ஏன்? இங்கிலீஷில் அவை 'கிளப்', 'ஹார்ட்' ஆயிற்றே! 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்களின் மொழியைப் பாருங்கள்: 'கிளாவர்', 'ஹார்ட்டன்'! நம்ம வாயில் இன்னும் டச்சு உட்கார்ந்திருக்கிறது!

சரி, போக்கர் எப்படி ஆடுவது? ஆளுக்கு 2 சீட்டு, கவிழ்த்து. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு: முதலில் 3, அப்புறம் 1, கடைசியாக 1. மொத்தம் 7-ல் சிறந்த 5-ஐச் சேர்ப்பவர் ஜெயித்தார்! இடையில் 4 சுற்றுப் பந்தயம். ஏற்றலாம், சமமாகப் போடலாம், சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். ரம்மியில் 'ஸ்கூட்' என்போமே, அதேதான்!

52 சீட்டில் ஐந்தைந்தாக எடுத்தால் எத்தனை விதமான கைகள் வரும்? 25,98,960! இதில் ஒரே இனத்தில் 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் என வரும் 'ராயல் ஃபிளஷ்' எத்தனை? வெறும் 4! தினம் 100 கை, ஐந்தைந்து சீட்டாகப் போட்டால், சராசரியாக ஒன்றைப் பார்க்க ஏறக்குறைய 18 வருஷம்!

எந்தக் கை பெரிசு என்று மனப்பாடம் செய்யவே வேண்டாம். அரிதாக வருவதே பெரிசு! வரிசையாக வரும் 'ஸ்ட்ரெயிட்' 10,200 விதம். ஒரே இனத்தில் வரும் 'ஃபிளஷ்' 5,108 விதம். மூன்றும் இரண்டுமாய்ச் சேரும் 'ஃபுல் ஹவுஸ்' 3,744 மட்டுமே. அதனால் அது மேலே! ஒரு ஜோடிகூட இல்லாத வெறுங்கை எத்தனை? 13,02,540! பாதிக்கும் மேல்!

அப்போ வெறுங்கை ஜெயிக்குமா? ஜெயிக்கும்! மற்ற எல்லோரும் பயந்து ஒதுங்கிவிட்டால், உங்கள் சீட்டைக் காட்டவே வேண்டாம்! எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்ததே இதுதான்.

ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் காசு வைத்து ஆன்லைனில் ஆடுவதை 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் தடை செய்தது! காசே வேண்டாம். பழக என்ன வேண்டும்?

காசுக்குப் பதில் தீக்குச்சி! அதுவும் நம்ம ஊர் சரக்கு! 2007 முதல் 14 வருஷம் 1 ரூபாய்க்கே விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆனது. பெட்டிக்கு 50 குச்சி. நாலு பேர், நாலு பெட்டி, 200 குச்சி. செலவு 8 ரூபாய்!

முதல் 2 சீட்டுமே ஆஸாக வர எத்தனைக்கு ஒரு வாய்ப்பு தெரியுமா? 221-க்கு 1! வந்துவிட்டால் மூஞ்சியில் காட்டாதீர்கள்!