முடிந்த தபாலும் முடியாத வேலையும்

நகராட்சி அலுவலகம் ஒன்றில் நான் சில காலம் எழுத்தராக இருந்தேன். மாதம் பிறந்ததும் மேலாளர் எங்கள் தன்பதிவேடுகளை வாங்கி, வந்த தபால் எத்தனை, முடிந்தது எத்தனை, நிலுவை எத்தனை என்று கணக்குப் பார்ப்பார். நிலுவை மிகக் குறைவாக இருந்தது பெரும்பாலும் என்னிடந்தான். பாராட்டும் பெற்றேன்.

அதன் சூட்சுமத்தை இன்று சொல்லிவிடுகிறேன். மனுவில் ஏதேனும் குறை கண்டால், "உரிய ஆதாரத்துடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்" என்று எழுதித் திருப்பிவிடுவேன். பதிவேட்டில் அது முடிந்த தபால். கணவர் காலமானபின் வீட்டு வரியைத் தம் பெயருக்கு மாற்றும்படி வேண்டிய ஒரு மூதாட்டியின் மனு, இவ்வாறு மூன்று முறை 'முடிந்தது'. நான்காம் முறை அவரே நேரில் வந்தார். "வேண்டிய காகிதத்தையெல்லாம் ஒரே தடவையில் கேட்டிருக்கக் கூடாதா, தம்பி?" என்றார். எனக்கு விடை கூற வாய் எழவில்லை. என் கணக்கில் மூன்று வேலை. அவருக்கோ ஒன்றும் ஆகவில்லை.

நேயர்களே, உள்ளாட்சி ஊழியரின் உழைப்பை அளப்பதில் உள்ள சங்கடம் இதுவே. நூற்பாலையில் நூலை எடை போடலாம். கடையில் இலாபம் பார்க்கலாம். சுத்தமான தெருவுக்கும் நோயற்ற ஊருக்கும் விலைச்சீட்டு இல்லை. ஆகையால், எண்ணுவதற்கு எளிதானதை எண்ணிவிட்டு, அதுவே வேலை என்று திருப்தி அடைந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் கிளாரன்ஸ் ரிட்லி, ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் நகராட்சிப் பணிகளை அளப்பது பற்றி 1938-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். சைமன் பிற்காலத்தில், 1978-இல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். செலவிட்ட உழைப்பு வேறு, கிடைத்த பலன் வேறு என்ற பாகுபாட்டை அவர்கள் வற்புறுத்தினர். நம் தெருவையே எடுத்துக்கொள்வோம். துப்புரவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது உழைப்பு. எத்தனை தெரு பெருக்கினார்கள் என்பது வேலையின் அளவு. தெரு சுத்தமாக இருக்கிறதா என்பதே பலன். வரி செலுத்துவோர் கேட்பது மூன்றாவதை. வருகைப் பதிவேடு சொல்வதோ முதலாவதை மட்டும். அன்றியும், சந்தைத் தெருவையும் ஆள் நடமாட்டமற்ற தெருவையும் ஒரே கோலால் அளந்தால், கடினமான இடத்தில் உழைப்பவருக்கே கெட்ட பெயர் வரும்.

பீட்டர் பிளா என்ற சமூகவியலாளர் 1955-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் சிந்திக்கத்தக்கது. அவர் கண்டது ஓர் அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகம். அங்கே நேர்காணல்களின் எண்ணிக்கையைக் கொண்டே சிப்பந்திகளை மதித்தபோது, அவர்கள் நேர்காணலை விரைந்து முடித்தனர். வேலை தேடித் தருவதில் சிரத்தை குறைந்தது. பின்னர், வேலையில் அமர்த்தியோரின் தொகையை ஆளுக்கு ஆள் கணக்கிட்டபோது, சிலர் காலியிடச் செய்திகளைச் சகாக்களிடமிருந்து மறைக்கத் தொடங்கினர். போட்டியிட்ட பிரிவைக் காட்டிலும், ஒத்துழைத்த பிரிவே வேலை தேடித் தருவதில் சிறந்து விளங்கியது. தனி ஆளை மட்டும் அளந்தால் கூட்டு முயற்சி குலையும் என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் அளக்கவே வேண்டாமா? வேண்டும். அளக்காத இடத்தில் உழைப்பவரும் சோம்பியிருப்பவரும் ஒன்றாகிவிடுவர். ஆனால், அளவுகோலின் ஒரு முனையைக் குடிமக்கள் பிடித்திருக்க வேண்டும். பால்டிமோர் நகரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஏற்பாட்டில், அதிகாரிகளை அடிக்கடி கூட்டிவைத்துப் புள்ளிவிவரங்களுக்குக் காரணம் கேட்டனர். சாலைப் பள்ளம் பற்றிப் புகார் வந்தால், 48 மணி நேரத்துக்குள் மூடுவதாக நகரம் மக்களுக்கு வாக்களித்தது. அங்கே காலக்கணக்கு புகார் செய்தவரிடமிருந்து தொடங்கிற்று.

என் பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாக இருந்திருக்கலாம்: முதன்முதல் மனுக் கொடுத்த நாள் முதல், கேட்டது கிடைக்கும்வரை எத்தனை நாள்? அந்தக் கட்டம் இருந்திருந்தால் எனக்குப் பாராட்டு கிடைத்திராது. அந்த அம்மையாருக்கு முதல் முறையிலேயே வேலை முடிந்திருக்கும்.