கெட்டிமேளத்துக்கு முன்பே தொடங்கியது

கல்யாண மண்டபம். கெட்டிமேளம் கொட்டுகிறது. எட்டு வயதுப் பையன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் புகுந்து அலறுகிறான். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா, "ரொம்பச் செல்லம் குடுத்துட்டே. ரெண்டு போட்டா சரியாயிடும்" என்கிறார். பையனுடைய அம்மாவின் முகம் சுண்டிப்போகிறது.

பையனுக்கு ஆட்டிசம். காலையிலிருந்தே அவன் பொறுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். கழுத்தை உறுத்தும் புதுச் சட்டை, வேன் ஹாரன், மினுக்கும் சீரியல் விளக்கு, மல்லிகையும் சாம்பாரும் கலந்த வாசம், கன்னத்தைக் கிள்ளிய பத்துப் பேர். மேளச் சத்தம் கடைசியாக வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒலி, ஒளி, தொடுகை எல்லாம் மிகக் கடுமையாக உறைக்கும். சிலருக்கு நேர்மாறாக வலிகூட மந்தமாகத் தெரியும். 2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு, இதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

இப்படி நிரம்பி வழிவதை மெல்ட்டவுன் என்கிறார்கள். அடம் பிடிக்கிற பிள்ளைக்கு ஏதோ ஒன்று வேண்டும். கிடைத்தால் அழுகை நிற்கும். மெல்ட்டவுனில் ஐஸ்கிரீமைக் கையில் கொடுத்தாலும் நிற்காது. சிலர் கத்தவே மாட்டார்கள். பேச்சு நின்றுபோய் உறைந்து உட்கார்ந்துவிடுவார்கள். 'எவ்வளவு சமத்து' என்று நாம் கடந்துபோய்விடுகிறோம். அந்தப் பிள்ளையும் அதே அளவு தவிக்கிறது.

அந்த நேரத்தில் புத்திமதி ஏறாது. "ஏன் இப்படிப் பண்றே?" என்ற கேள்வியும் அவனுக்கு இன்னொரு சத்தம்தான். குரலைத் தாழ்த்துங்கள், பேச்சைக் குறையுங்கள், கண்ணுக்குள் உற்றுப் பார்க்காதீர்கள். சுற்றி நிற்பவர்களை விலக்கி, மணமகள் அறையோ வண்டியோ, அமைதியான ஓர் இடத்துக்கு வழி விடுங்கள். தலையை முட்டிக்கொண்டால் நடுவில் தலையணையோ துண்டோ வையுங்கள். வலுவில் அமுக்கிப் பிடிப்பது பயத்தைக் கூட்டும். அடங்கிய பிறகும் உடனே பந்திக்குக் கூப்பிட வேண்டாம். தெளிய மணிக்கணக்கில் ஆகலாம். வழக்கத்தில் இல்லாமல் திடீரென்று இப்படி அடிக்கடி வந்தால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் ஏதாவது இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை உடம்பால்தான் சொல்லும்.

சத்தமும் கண்கூசும் வெளிச்சமும் இல்லாத வீட்டிலும் பிள்ளை இப்படி நிரம்பி வழியக்கூடும் என்பதுதான் பலருக்குப் புரியாத இடம். "பல் தேய்" என்றவுடன் ஒரு பிள்ளை ஓடி ஒளிகிறது. தானே ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த பெண், "மாமாவுக்கு ஒண்ணு வரைஞ்சு காட்டு" என்றதும் பென்சிலை வீசுகிறாள். பிடித்த காரியம்கூட, 'செய்' என்ற சொல் வந்து ஒட்டியதும் பாரமாகிவிடுகிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் எலிசபெத் நியூசன் என்ற உளவியலாளர் 1980-களில் இத்தகைய பிள்ளைகளைக் கவனித்து, இதற்கு 'பேத்தலாஜிக்கல் டிமாண்ட் அவாய்டன்ஸ்' என்று பெயர் வைத்தார், சுருக்கமாக பி.டி.ஏ. டி.எஸ்.எம்.-5-இல் இது தனி நோயறிதலாக இல்லை, பெயரைப் பற்றியும் சர்ச்சை உண்டு. ஆனால் இந்த மறுப்புக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது பதற்றம். தன் பிடி நழுவுகிறதே என்ற கலக்கம் அது. திமிர் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

அதனால் இங்கே பரிசும் தண்டனையும் பல சமயம் எதிராக வேலை செய்யும். ஸ்டார் ஒட்டும் அட்டையும் ஒரு கட்டளைதானே? "தண்ணி குடி" என்பதற்குப் பதில், "தண்ணி இங்க வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். "குளி" என்பதற்குப் பதில், "இப்ப குளிக்கிறியா, கார்ட்டூன் முடிஞ்சதுமா?" என்று கேட்கலாம். சில பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியும் பாரம். அப்படியென்றால் அன்றைக்குக் குளியலை விட்டுவிடுங்கள். மருந்து, சாலையைக் கடப்பது போன்ற விட முடியாதவற்றுக்காகப் பிள்ளையின் தெம்பைச் சேமித்து வையுங்கள். இதைச் செய்கிற அம்மாவைப் பார்த்து 'பிள்ளைக்கு அடங்கிப்போறா' என்பார்கள். அவள் வேண்டாதவற்றை இறக்கி, வேண்டியதற்கு இடம் பண்ணுகிறாள்.

அந்த அம்மாவுக்கும் தாங்கும் அளவு உண்டு. மண்டபத்தில் அந்தப் பெரியம்மா செய்யக்கூடியது எளிது: கைப்பையை வாங்கிக்கொண்டு, "நீ அவனோட வெளியில இரு. உனக்கு நான் இலை போட்டு வைக்கிறேன்" என்று சொல்லலாம்.