நெருஞ்சிக் காயும் அரை மில்லிமீட்டர் அலகும்

நெருஞ்சியைத் தெரியாமல் மிதித்தவர்களுக்கு அதன் காய் எவ்வளவு கெட்டி என்று தெரியும். அதற்கு நெருங்கிய உறவான ஒரு செடி, பசிபிக் கடலில் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த டாப்னி மேஜர் என்ற குட்டித் தீவிலும் படர்ந்து கிடக்கிறது. பறவைகள் மாறுகின்றனவா என்ற வழக்கில் அந்தக் காய்தான் என் முதல் சாட்சி.

பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973இல் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். பிஞ்ச் குருவிகளை வலையில் பிடித்து, அலகை அளந்து, காலில் வண்ண வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். நாற்பது ஆண்டு இதே பாடு.

1977இல் மழை பொய்த்தது. தரைப் பிஞ்ச் குருவிகள் சின்ன விதைகளைத் தின்று தீர்த்தன. மிச்சம் நெருஞ்சிக் காய். அதன் முனையைக் கவ்வித் திருகி உடைத்தால்தான் உள்ளே பருப்பு. கனத்த அலகுக்கு அது முடிந்தது. மெலிந்த அலகு தோற்றது. பத்தில் எட்டுக்கு மேல் மறைந்துபோயின. பிழைத்தவற்றின் அலகு சராசரியாக அரை மில்லிமீட்டர் கனமாக இருந்தது. மறு ஆண்டு பிறந்த குஞ்சுகளுக்கும் அந்தக் கனம் வந்து சேர்ந்தது. பரிணாமம் என்பது இந்த வாரிசுரிமைதான்.

இந்த அளவுகளைப் படைப்புக் கொள்கையாளர்கள் பலரும் மறுப்பதில்லை. 1983 எல் நினோ பெருமழைக்குப் பிறகு சின்ன விதை பெருகியது, அலகும் மறுபடி சிறுத்தது. ஊசலாட்டத்தைப் பரிணாமம் என்பதா, குருவி குருவியாகத்தானே இருக்கிறது என்கிறார்கள். கடவுள் படைத்த இனத்துக்குள்ளே வேறுபாடு உண்டு, வேலி தாண்டாது என்பது அவர்கள் கட்சி.

காதுகொடுக்க வேண்டிய கேள்விதான். ஒரு பஞ்சம் புது இனத்தைப் படைத்துவிடாது. ஆனால் அலகு கூடியதும் குறைந்ததும் ஒரே விதியால்தான்: கிடைத்த இரையை உடைக்க முடிந்தது பிழைத்தது. வேலி எங்கே இருக்கிறது என்று மட்டும் இதுவரை யாரும் காட்டவில்லை.

அந்த வேலியைப் பற்றித்தான் என் இரண்டாம் சாட்சி. 1981இல் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எஸ்பனோலா தீவிலிருந்து ஒரு பெரிய ஆண் பிஞ்ச் டாப்னிக்கு வந்து சேர்ந்தது. உள்ளூர்ப் பெட்டையோடு கூடியது. இரண்டாம் தலைமுறையிலிருந்து அந்த வம்சம் தங்களுக்குள்ளேயே இணை தேடிக்கொண்டது. பெரிய உடல், தனி அலகு, மூதாதை கொண்டுவந்த வேறு பாட்டு. உள்ளூர்ப் பெட்டைகள் அந்தப் பாட்டுக்கு மசியவில்லை.