தம் கட்டித் தூக்காதீங்க!

மாங்காய் சீசனில் கேரளத்தின் முதலமடைப் பக்கம் போனால், லாரியில் பெட்டி ஏற்றும் லோடுமேன்களின் முகத்தைக் கவனியுங்கள். பெட்டி தோளுக்கு ஏறும் நொடியில் பல்லைக் கடித்திருப்பார்கள், கழுத்து நரம்பு புடைத்திருக்கும், மூச்சு நின்றிருக்கும். வண்டன்மேட்டில் ஏலக்காய் மூட்டை தூக்குபவரும் இப்படித்தான் தம் கட்டுகிறார், ஜிம்முக்குப் போகும் இளைஞரும் இப்படித்தான்.

அந்த நொடியில் ரத்த அழுத்தம் எங்கே போகிறது? 1985-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாடிபில்டர்களின் தமனிக்குள்ளேயே குழாய் செருகி அளந்தார்கள். இரு கால்களாலும் பளுவைத் தள்ளும்போது சராசரி 320/250! நல்ல ரத்தக்குழாய் இதைத் தாங்கிவிடும். அனியூரிசம் எனும் வீக்கம் உள்ள குழாய்க்கு அந்த உத்தரவாதம் இல்லை. வயிற்று மகாதமனியின் அகலம் சுமார் 2 செ.மீ. அது 3-ஐத் தொட்டால் வீக்கம், ஆண்களுக்கு 5.5-ஐ எட்டினால் பொதுவாக ஆபரேஷன். அதுவரை பெரும்பாலும் வலியே இருக்காது. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் தெரியவரும்.

நெஞ்சுப் பகுதியில் வீக்கம் உள்ளவர்கள் உடல் எடையில் பாதிக்கு மேல் தூக்கக் கூடாது என்பது யேல் பல்கலைக்கழக அறுவை சிகிச்சை நிபுணர் ஜான் எலஃப்டீரியடிஸின் யோசனை. 60 கிலோ ஆளுக்கு 30 கிலோ. கேரளத்தில் சுமைக்கான உச்சவரம்பை 75-லிருந்து 55 கிலோவாகக் குறைத்தது நல்ல காரியம்தான். ஆனால் அது ஆரோக்கியமான உடம்புக்குப் போட்ட கணக்கு.

அதற்காக முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. சிறிய வயிற்று வீக்கம் உள்ளவர்களுக்கு முறையான உடற்பயிற்சி ஆபத்தில்லை என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வு சொல்கிறது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். கழிப்பறையில் முக்குவதும் தம் கட்டுவதுதான். பீடியை விடாமல் பயிற்சி மட்டும் செய்து பலனில்லை.

‘கனம் தூக்காதே’ என்று டாக்டர் எழுதித் தருவது சுலபம். கூலியே கனத்தில்தானே இருக்கிறது? எத்தனை கிலோ வரை தூக்கலாம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். சீட்டில் எழுதி வாங்குங்கள். யூனியனில் காட்டி, எண்ணிக்கை பார்க்கும் வேலையாவது கேட்கலாம்.

நெஞ்சு, முதுகு, வயிறு எங்காவது கிழிப்பது போல் திடீர் வலியா, இடி விழுந்தாற்போல் தலைவலியா? வீங்கிய குழாய் வெடித்திருக்கலாம், வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். தமிழக-கேரள எல்லையான வாளையாறுக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் 108-தான்.