விளையாட்டுக் கணினியும் வீட்டுப் பணமும்



சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் கடைத்தெருவில் நின்று பேசவும் இடம் இராது. அந்த நாட்களில் எங்கள் தெருப் பிள்ளை ஒருவன், பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவன், அருச்சனைத் தட்டுக் கடையொன்றில் மாலை வேளைகளில் வேலை பார்த்தான். கூலியைச் சேர்த்தான், தந்தையும் தம் சேமிப்பில் ஒரு பங்கு கொடுத்தார். ஆக, 60,000 ரூபாய். விளையாடுவதற்கென்றே ஒரு கணினியை உறுப்பு உறுப்பாக வாங்கிப் பூட்டிக்கொண்டான். ஆவணி மாதத்து இரவொன்றில் இடியும் மழையுமாக இருந்தபோது மின்சாரம் போய்த் திரும்பியது. மறுநாள் காலை, கருகிய நாற்றத்துடன் அந்தப் பெட்டி என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

விளையாட்டிற்கா இத்துணைச் செலவு என்று முகம் சுளிக்கும் பெரியோர் உளர். நான் அக்கட்சியினன் அல்லன். ஆயின், செலவிடும் பணம் எந்த உறுப்பிற்குப் போகவேண்டும் என்பதை அறிந்தே செலவிடவேண்டும். அதனை அறிய, விளையாட்டு கணினியிடம் கேட்பது யாது என்று முதலில் காண்போம்.

சாதாரணத் திரை ஒன்றில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. படம் தடையின்றி ஓடுவதாகத் தோன்ற, நொடிக்கு 60 முறையேனும் அது புதிதாக வரையப்பெற வேண்டும். எனவே ஒரு நொடிக்குள் ஏறத்தாழ 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணிக்கவேண்டியிருக்கிறது. இதனைச் செய்பவர் யார்?

மாலை கட்டும் கொட்டகை ஒன்றை எண்ணிப் பாருங்கள். எந்த மாலைக்கு எந்தப் பூ, எது முதலில் என்று சொல்பவர் ஒருவர். கட்டுவோர் பலர், ஒரே முடிச்சை ஒரே நேரத்தில் பல கைகள் போடுகின்றன. சொல்பவர் மையச் செயலி. கடைக்காரர் பிராசஸர் என்பார். கட்டுவோர் கூட்டம் வரைகலை அட்டை, அதாவது கிராபிக்ஸ் கார்டு. 2022-இல் வெளிவந்த ரைசன் 5 5600 என்னும் செயலியில் உள்ள கருக்கள் ஆறே. 2021-இல் வெளிவந்த ஆர்.எக்ஸ். 6600 என்னும் அட்டையிலோ சிறு கணக்கீட்டு அலகுகள் 1792. சொல்பவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், கட்டுவதற்கு ஆள் இல்லையெனில் மாலை நீளாது. ஆதலின் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு, திரை நீங்கலான மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் அட்டைக்கு ஒதுக்குவது தகும் என்பது என் கருத்து.

நம் பிள்ளை இதைத் தலைகீழாகச் செய்திருந்தான். மிகு விலைச் செயலி, மலிந்த அட்டை, முன்புறம் கண்ணாடி பதித்து வண்ண விளக்கெரியும் பெட்டி. சித்திரை வைகாசியில் 40 பாகை வெப்பத்தைக் கடக்கும் திருச்சி வட்டாரத்திற்கு, காற்றுப் புகாத கண்ணாடி முகம் எதற்கு? சல்லடை முகப்புள்ள எளிய பெட்டியே போதும்; தூசியை மாதம் ஒருமுறை துடைத்தால் சரி.

இவற்றைக்கூடப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது, பெட்டியோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி. சுவரில் வரும் 230 வோல்ட் மாறு மின்னோட்டத்தை 12 வோல்ட், 5 வோல்ட் எனத் தாழ்ந்த நேர் மின்னோட்டமாக மாற்றி எல்லா உறுப்புகளுக்கும் ஊட்டுவது அதுவே. மேலே சொன்ன அட்டைக்கு 132 வாட். செயலிக்கு 65 வாட் என்று குறித்திருப்பினும் சற்று மிகுதியாகவே இழுக்கும். ஏனையவற்றைச் சேர்த்தால் மொத்தம் 300 வாட்டைத் தாண்டாது. உண்மையாகவே 450 அல்லது 500 வாட் தரும் கருவி இதற்கு ஏராளம். ஆனால் ஒட்டுத்தாளில் அச்சிட்ட எண்ணும் உள்ளே உள்ள திறனும் எப்போதும் ஒன்றல்ல. 2004-இல் தொடங்கிய ‘80 பிளஸ்’ என்னும் தரச்சான்று, கருவி ஏற்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கேனும் பயனாகத் திரும்புகிறதா என்று சோதித்துத் தரப்படுவது. அச்சான்றும், ஐந்தாண்டு உத்தரவாதமும், தனி இரசீதும் உள்ளதையே வாங்குக. பிள்ளையின் இலவசக் கருவி ஆவணி இடியில் தான் மாண்டதோடு நில்லாமல், தாய்ப்பலகையையும் அட்டையையும் உடன் அழைத்துச் சென்றது. விற்ற கடையில் கேட்டதற்கு, இலவசப் பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்றனராம்.

உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது அடுத்த கேள்வி. ஏ.எம்.4 என்னும் பொருத்துவாய் உடைய தாய்ப்பலகையில் டி.டி.ஆர்.4 நினைவகமே ஏறும். 2022-இல் வந்த ஏ.எம்.5 பலகையில் டி.டி.ஆர்.5 மட்டுமே. இருவகைக்கும் ஊசிமுனைகள் 288 தான். வெட்டுப் பள்ளம் மட்டும் இடம் மாறியிருக்கும். வலிந்து அழுத்தினால் பலகை உடையும். 16 ஜி.பி. நினைவகம் வேண்டுமாயின் எட்டும் எட்டுமாக இரண்டு வாங்கினால் இரு வழிகளில் செய்தி ஓடும்.

சென்ற ஆண்டு யாரோ எழுதிய பட்டியலை அப்படியே படியெடுப்பதும் பயன் தராது. 2021-இல் எதீரியம் என்னும் மின்னாணயத்தை ஈட்டுவோர் வாங்கிக் குவித்ததால் அட்டைகளின் விலை ஏறிற்று. 2022 செப்டம்பரில் அந்நாணயத்தின் முறையே மாறவே, உழைத்துக் களைத்த அட்டைகள் பழம்பொருள் சந்தைக்கு வந்தன. 2025-இன் பிற்பகுதியிலோ செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் நினைவகம் விலையேறிற்று. சென்னை ரிச்சித் தெருவிற்கே சென்றாலும் பழைய அட்டையை அரைமணி நேரம் கடும் விளையாட்டில் ஓடவிட்டுப் பார்த்த பின்னரே காசை நீட்டுக. பழைய மின்வழங்கியை மட்டும் எவர் கொடுத்தாலும் வாங்கற்க.

பிள்ளையின் பெட்டியைத் திண்ணையில் வைத்தே திறந்தோம். செயலியும் நினைவகமும் சேமிப்பகமும் பிழைத்திருந்தன. நல்ல வேளையாக, அவன் வாங்கிய செயலியிலேயே சிறியதொரு வரைகலைப் பகுதி உள்ளடங்கியிருந்தது. இன்டெல் செயலிகளில் பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்னும் எழுத்து இருந்தால் அப்பகுதி இராது. புதிய தாய்ப்பலகையும் சான்று பெற்ற மின்வழங்கியும் வாங்கிப் பூட்டினோம். கையிலிருந்த பணம் அவ்வளவே.

இப்பொழுது அவன் பத்தாண்டுக்கு முந்திய விளையாட்டுகளை நிறமும் நுணுக்கமும் குறைத்து வைத்து விளையாடுகிறான். அட்டைக்குரிய இடம் வெறுமையாக இருக்கிறது. மாசி மாதக் கடைசியில் மீண்டும் கடை வேலைக்கு வருவதாக முதலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறான்.