மேய்ப்பரும் கணக்குக் கொடுக்க வேண்டும்

ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம் என்னும் எல்லையில் அமைந்துள்ள ஓசூர், 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது முதல் பிழைப்புத் தேடி வந்தவர்களின் ஊராக மாறிவிட்டதால், அங்குள்ள கிறிஸ்தவ சபைகள் பலவும் வந்து குடியேறியவர்களின் சபைகளாகவே இருக்கின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இவ்வூரில் இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் தொழிலாளர்களும் சேர்ந்துகொள்ள, ஆலையில் மேலாளருக்கு வைக்கப்படும் அளவுகோலாகிய ஆள் எண்ணிக்கையும் ஆண்டு வளர்ச்சியும் சபைப் போதகருக்கும் வைக்கப்படுகின்றன. வேதாகமம் முன்வைக்கும் தலைமைக்கு இந்த அளவுகோல் பொருந்தாது என்பதற்கு ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வரலாறே சான்று கூறும்.

லைப்சிக் மிஷன் என்னும் ஜெர்மானிய லுத்தரன் அமைப்பிலிருந்து கொள்கை வேறுபாட்டால் விலகிய தியோடர் நேத்தர் என்னும் ஜெர்மானியர், அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சினாடினால் (சினாடு என்பது பல சபைகள் கூடி முடிவெடுக்கும் பேரவை) 1894-ஆம் ஆண்டு அனுப்பப்பட்டு, 1895-இல் கிருஷ்ணகிரியில் தங்கிப் பணியைத் தொடங்கினார். 1898-இல் பெங்களூருக்குள் புகுந்த பிளேக் எல்லைத் தாலுகாக்களையும் விட்டுவைக்காத அந்தக் காலத்தில், 1904-ஆம் ஆண்டு நேத்தரும் அந்நோய்க்கே பலியானார். ஒன்பதாண்டுப் பணியில் அவர் சேர்த்தது சிறு கூட்டமே என்பதால் இன்றைய கணக்குப்படி அவர் தோல்வியடைந்தவர். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, நாகர்கோவில் எனப் பரவி, 1958-இல் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகத் தன்னாட்சி பெற்ற பெரும் சபைக்கு அந்தச் சிறு தொடக்கமே வேராக அமைந்தது.

நேத்தரைப் போலப் பணியில் இறுதிவரை நிலைத்திருப்பது போலவே, மக்களின் மொழிக்குள் இறங்குவதும் தலைமையின் பண்பாகும். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லில் ஊழியம் செய்வதற்காக வளர்ந்த வயதில் தெலுங்கு கற்றார். 1910-இல் எடின்பரோவில் நடைபெற்ற உலக மிஷனரி மாநாட்டில், இந்திய உடன்ஊழியரை நண்பராக நடத்தத் தவறிய மேலைநாட்டு மிஷனரிகளை நேருக்கு நேர் கண்டித்துப் பேசிய அவர், 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். ஒடியாவும் இந்தியும் பேசும் இளைஞர்கள் கடைசி வரிசையில் புரியாமல் அமர்ந்திருக்கும் ஓசூர்ச் சபைகளுக்கு அசரியாவின் முன்மாதிரியைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை.

எனினும் இந்த எல்லைப் பகுதியில் மிகுந்த கவலைக்குரியது மொழியன்று, கணக்கு. நெகேமியா பன்னிரண்டு ஆண்டுகள் யூதாவின் அதிபதியாக இருந்தும், மக்கள்மீது சுமை பாரமாயிருந்ததால் அதிபதிக்குரிய உணவுப்படியை வாங்கவில்லை. முதிர்வயதில் சாமுவேல் தீர்க்கதரிசி, தாம் யாருடைய எருதையேனும் எடுத்துக்கொண்டதுண்டா என்று மக்கள் முன்பாகவே கேட்டுத் தம்மை விசாரணைக்கு உட்படுத்திக்கொண்டார். எருசலேமின் ஏழைகளுக்கென்று திரட்டிய பணத்தைப் பவுல் அப்போஸ்தலரும் தனியே கொண்டுசெல்லாமல், சபைகளே தெரிந்தெடுத்த ஆட்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். நேர்மையாளராகப் போற்றப்படும் இம்மூவருமே தங்களைக் கேள்விக்கு அப்பாற்பட்டவர்களாகக் கருதவில்லை.

இன்றோ, எந்தச் சினாடுக்கும் மறைமாவட்டத்துக்கும் (ஓர் ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி) கட்டுப்படாத தனிச் சபைகள் பல, ஓர் அறக்கட்டளைப் பத்திரத்தின்மேல் நிற்கின்றன. அப்பத்திரத்தில் போதகரும் அவர் மனைவியும் பிள்ளைகளுமே அறங்காவலர்களாக இருந்துவிட்டால், காணிக்கையும் அதில் வாங்கிய மனையும் குடும்பச் சொத்துப் போலவே கைமாறுகின்றன. ஓசூரில் மனை விலை ஏறியிருக்கும் நிலையில், லேபர் கான்ட்ராக்டர் பிடித்தது போக மிஞ்சிய சம்பளத்திலிருந்து தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுத்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு, தன் காணிக்கை எங்கே போயிற்று என்று கேட்கவும் இடமில்லாமற் போவது கொடுமை. கூலியை நிறுத்திவைக்கும் முதலாளிகளை எச்சரிக்கும் யாக்கோபின் நிருபத்தை ஆலைக்கு எதிராக வாசிக்கும் பிரசங்க மேடை, அதே நிருபத்தைத் தன்னை நோக்கியும் வாசித்தாக வேண்டும்.

வளரும் சபைக்கு விரைந்து முடிவெடுக்கும் ஒற்றைத் தலைமையே ஏற்றது என்போரும் உண்டு. விரைவு தேவையே, ஆனால் பணப்பெட்டியின் சாவியும் கணக்கேடும் ஒரே கையில் இருப்பதற்கு அது நியாயமாகாது. பழைய சபைகளின் எளிய நடைமுறை இங்கு நினைவுகூரத்தக்கது: ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பை மேசைமேல் கவிழ்க்கப்படும், கசங்கிய பத்து ரூபாய்த் தாள்கள் நீவி அடுக்கப்பட்டு, நாணயங்கள் தனியே எண்ணப்பட்டு, இருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பின்னரே தொகை பதிவேட்டில் ஏறும். போதகர் அந்தப் பணத்தைத் தொடுவதில்லை. இதனால் அவர் மதிப்புக் குறைவதில்லை, மாறாக அவதூறிலிருந்து அவர் காக்கப்படுகிறார். கத்தோலிக்க ஆலயங்களில் பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவும் சடங்கில் வெளிப்படும் தாழ்மைக்கும் இந்த மேசைக்கும் நெருங்கிய உறவுண்டு. பாதம் கழுவும் கை கணக்குக் காட்ட மறுக்குமானால் அத்தாழ்மை சடங்கோடு நின்றுவிட்டதாகவே பொருள்.

ஆகவே, ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் சபைக்குக் காணிக்கை கொடுக்கும் ஒவ்வொருவரும், இந்த ஆண்டுக்கான வரவு செலவையும் தணிக்கை அறிக்கையையும் பொதுக்கூட்டத்தில் வாசிக்கும்படி தங்கள் போதகரிடம் மரியாதையோடு கேட்க வேண்டும். அறங்காவலர் குழுவில் போதகரின் குடும்பத்தைச் சாராத மூவரையேனும் சேர்க்கும்படியும் வேண்டிக்கொள்ள வேண்டும்.